கொம்பைப் பார்த்து மாடு வாங்காதீர்கள்

டெக்சஸில் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கியிருக்கும், வாங்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

கேட்டியிலும் ஃப்ரிஸ்கோவிலும் வீடு வாங்கி முடித்ததும் நம்மவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை நிலம். பத்து ஏக்கர், இருபது ஏக்கர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு ஆரம்பிக்கும். சொத்து வரிச் சீட்டு வந்த அன்று அதே பேச்சு மாட்டுக்குத் திரும்பும். நிலத்தில் மாடு மேய்ந்தால் சந்தை விலைக்கு வரி போடமாட்டார்கள், விவசாய மதிப்புக்குத்தான் போடுவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சரிதான். ‘ஆக் எக்ஸெம்ப்ஷன்’ என்று ஊரில் சொல்வது அதைத்தான். முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டு வீட்டு மனை போட்டால் மூன்று ஆண்டு வரி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். எந்த மாடு விடலாம் என்று என்னைக் கேட்கும்போதே பதிலையும் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள்: அந்த நீளக் கொம்பு மாடு. வேலியோரம் நின்றால் படம் நன்றாக வரும்.

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன். இப்போது பிரென்ஹாம் பக்கம் தலைமுறை தலைமுறையாக மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் ராஞ்சில் வார இறுதிகளில் கை கொடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு தொலைபேசி வந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். லாங்ஹார்ன் வாங்குங்கள், தாராளமாக. கொம்பைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

காரணம் சொல்ல வேண்டுமானால் 1493க்குப் போக வேண்டும். கொலம்பஸ் இரண்டாவது முறை கப்பலேறியபோது மாடுகளையும் ஏற்றிக்கொண்டு வந்து கரீபியத் தீவில் இறக்கினார். 1521இல் அங்கிருந்து மெக்சிகோவுக்கு வந்தன. 1690இல் ஸ்பானியர்கள் கிழக்கு டெக்சஸில் மிஷன் கட்ட வந்தபோது கூடவே ஓட்டிவந்தார்கள். மிஷன்கள் சில நிலைத்தன, சில கைவிடப்பட்டன. மாடுகள் காட்டுக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அவற்றுக்குத் தீவனம் போட்டவர் இல்லை, பிரசவம் பார்த்தவர் இல்லை, இந்தக் காளையை இந்தப் பசுவோடு சேர்க்கலாம் என்று முடிவெடுத்தவரும் இல்லை.

காங்கேயமோ உம்பளாச்சேரியோ, மனிதன் கண்ணும் கையும் பட்டு உருவான மாடுகள். ஏருக்கு, வண்டிக்கு, சேற்றுக்கு என்று வேலை பார்த்துக் கழித்து வந்தவை. லாங்ஹார்னைக் கழித்தது வறட்சி, முள், ஓநாய், உண்ணி. தண்ணீருக்குப் பல மைல் நடக்க முடியாதது செத்தது. தனியாக நின்று கன்று போடத் தெரியாதது கன்றோடு செத்தது. கன்றைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போய்த் திரும்பிவரத் தெரிந்ததன் வம்சம் மிஞ்சியது. அந்த மாடுகள் சப்பாத்திக்கள்ளியும் தின்னும், மெஸ்கீட் நெற்றும் தின்னும். மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம்மூர்க் கண்மாய்களை மூடிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு. அதைப் பார்த்ததும் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு வயிறு எரியும், தெரியும். இங்கே அது சொந்த ஊர் மரம்.

இன்னொரு சங்கதி. 2013இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாட்டின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 15 விழுக்காடு நம் பக்கத்துத் திமில் மாட்டின் வழி வந்தது. இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து ஸ்பெயின் போய், பிறகு கடல் தாண்டிய ரத்தம். நமக்கு ரொம்ப முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது, எந்த விசாவுக்கும் காத்திருக்கவில்லை.

உங்கள் பிள்ளைகள் நாலாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் டெக்சஸ் வரலாறு படிக்கிறார்கள். மாடு ஓட்டிய கதையும் அதில் வரும். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபோது, சூடு போடாத மாடுகள் லட்சக்கணக்கில் காட்டில் திரிந்தன. உள்ளூரில் ஒரு மாடு நாலு டாலருக்குப் போவதே அதிகம். வடக்கே நகரங்களில் நாற்பது டாலர். நடுவில் ரயில் இல்லை. ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி 1867இல் கான்சஸின் அபிலீனில், ரயில் பாதை ஓரமாகப் பட்டிகள் கட்டி வைத்துக்கொண்டு மாட்டை அங்கே கொண்டுவாருங்கள் என்றார். நடத்தியே கொண்டுபோனார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல், வழியெல்லாம் மேயவிட்டு, போய்ச் சேரும்போது புறப்பட்டதைவிட மாடு தெளிந்திருக்கும். அந்த நடைக்கு வேறு இன மாடு தாங்கியிருக்காது. குளம்பும் காலும்தான் அந்த வியாபாரத்தின் முதல். கொம்பை யாரும் விலை பேசவில்லை. மந்தையில் அது இடைஞ்சல், ரயில் பெட்டியில் அதைவிட இடைஞ்சல்.

எனக்குப் பிடித்த மாடு ஒன்று உண்டு. சார்ல்ஸ் குட்நைட்டின் ஜேஏ ராஞ்சில் ‘ஓல்டு புளூ’ என்று ஒரு காயடித்த மாடு இருந்தது. கழுத்தில் மணி கட்டி முன்னால் நடக்கவிடுவார்கள், மந்தை பின்னால் வரும். டாட்ஜ் சிட்டிக்கு மாடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மற்றவை ரயிலேறிக் கசாப்புக்குப் போக, அது மட்டும் குதிரைக்காரர்களோடு வீட்டுக்குத் திரும்பும். இரவில் மணி நாக்கைக் கட்டிவைத்துவிடுவார்கள், சத்தம் கேட்டு மந்தை எழுந்துவிடக் கூடாதென்று. வருஷக்கணக்கில் அந்த வேலை பார்த்துவிட்டு வயதாகிச் செத்தது. இந்த ஊரில் ஒரு மாட்டுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது என்று நினைக்கிறேன்.

இதே குட்நைட்டின் ராஞ்ச் எங்கே அமைந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாலோ டூரோ பள்ளத்தாக்கு, பூர்வகுடிகளான கமாஞ்சிகளும் கயோவாக்களும் குளிர்காலத்துக்கு ஒதுங்கும் இடம். 1874 செப்டம்பரில் ராணுவம் அங்கே இறங்கி, அவர்களுடைய குதிரைகளைப் பிடித்து ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொன்றது. குதிரை போனதும் அவர்கள் நடந்தே போய்ச் சரணடைந்தார்கள். 1876இல் குட்நைட் மாட்டை உள்ளே இறக்கினார். எல்லைப்புறம் என்று பெருமையாகச் சொல்கிற இடமெல்லாம் இன்னொருத்தர் வீட்டு முற்றமாக இருந்தது. மாட்டை ஓட்டியவர்களும் படத்தில் வருகிறவர்கள் மட்டுமல்ல. கயிறு வீசுகிற வித்தையும் சேணமும் மெக்சிகோ வாக்கேரோக்களிடமிருந்து வந்தவை. மாடு ஓட்டியவர்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அவர்களில் பலர் சில வருஷத்துக்கு முன்புவரை அடிமைகள். குட்நைட் தன் பணத்தை நம்பிக் கொடுத்து அனுப்பிய ஆள் போஸ் ஐகார்டு, அப்படி விடுதலையானவர்.

கால்நடை மருத்துவனுக்கு இந்தக் கதையின் ருசியான இடம் உண்ணிதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸ் மாடு போன வழியெங்கும் மற்ற ஊர் மாடுகள் சாக ஆரம்பித்தன. காய்ச்சல், சிவப்பு மூத்திரம், சில நாளில் சாவு. டெக்சஸ் மாடோ குத்துக்கல் மாதிரி நிற்கும். மிசௌரி விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். 1868 கோடையில் இல்லினாயிலும் இண்டியானாவிலும் மாடுகள் கும்பலாக விழுந்தன. மூச்சுக்காற்று, எச்சில், சாணம் என்று என்னென்னவோ சொன்னார்கள். உண்ணியாக இருக்கலாம் என்று சில மாட்டுக்காரர்கள் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். தியோபால்டு ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் உண்ணி பொறுக்கிய மாட்டையும் பொறுக்காத மாட்டையும் தனித்தனி வேலிக்குள் விட்டுச் சோதித்து, 1893இல் அறிக்கை வெளியிட்டார்கள். உண்ணி நோயைச் சுமக்கும் என்பது அதில்தான் நிரூபணமானது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. லாங்ஹார்ன் சாகாததற்குக் காரணம் இதுதான்: கன்றிலேயே உண்ணி கடித்து, லேசாக நோய் வந்து போய், எதிர்ப்பு வந்துவிடும். வளர்ந்த பிறகு முதல்முறை கடிபட்ட வடக்கத்தி மாடு தாங்காது.

அந்த உண்ணியே பெரும்பாதைகளை மூடியது. 1885இல் கான்சஸ் மாநிலம் முழுக்க டெக்சஸ் மாட்டுக்குக் கதவடைத்தது. 1874இல் கிளிடன் காப்புரிமை வாங்கிய முள்கம்பி அதற்குள் புல்வெளியைத் துண்டு போட்டிருந்தது, ரயிலும் தெற்கே வந்துவிட்டது. நடக்கத் தேவையில்லை என்றான பிறகு நடக்கிற மாடு எதற்கு? ஹியர்ஃபோர்டும் ஷார்ட்ஹார்னும் சீக்கிரம் கொழுத்தன. கொழுப்புக்கு அன்று நல்ல விலை. மெழுகுவத்தி, சோப்பு எல்லாம் அதில்தான். லாங்ஹார்ன் முழு உடம்பு பிடிக்க நாலைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும், கொழுப்பும் வைக்காது. கலப்பு செய்தே கரைத்துவிட்டார்கள். 1920களில் தேடினால் கிடைக்காத நிலை. 1927இல் அமெரிக்க அரசு 3,000 டாலர் ஒதுக்கி, வனத்துறையிலிருந்து வில் பார்ன்ஸையும் ஜான் ஹாட்டனையும் அனுப்பியது. அவர்கள் தெற்கு டெக்சஸெல்லாம் அலைந்து 30,000 மாடுகளைப் பார்த்தார்கள். முப்பதுக்கு மேல் தேறவில்லை. அவற்றை ஓக்லஹோமாவில் விச்சிட்டா மலைச் சரணாலயத்தில் விட்டார்கள். 1941இல் டெக்சஸில் எழுத்தாளர் ஃபிராங்க் டோபி, எண்ணெய்ச் செல்வந்தர் சிட் ரிச்சர்ட்சன், திருட்டு மாடு பிடிக்கிற வேலை பார்த்த கிரேவ்ஸ் பீலர் மூவரும் சேர்ந்து இன்னொரு மந்தை திரட்டினார்கள். இன்று ஃபோர்ட் கிரிஃபினில் மேய்கிற அரசு மந்தை அதன் வழி வந்தது.

அரசாங்கமும் செல்வந்தரும் செய்தது இவ்வளவு. மீதியைச் செய்தவை குடும்பங்கள். இன்றைய லாங்ஹார்ன் வம்சத்தை ஏழு கிளையாகப் பிரிப்பார்கள். அதில் விச்சிட்டா ஒன்று. மற்ற ஆறும் வீட்டுப் பெயர்கள்: ரைட், யேட்ஸ், பட்லர், மார்க்ஸ், பீலர், பிலிப்ஸ். இவர்களில் யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. அப்பா வைத்திருந்தார், நானும் வைத்திருக்கிறேன் என்கிற பிடிவாதம்தான் பெரும்பாலும். மில்பி பட்லர் மாடு வைத்திருந்தது லீக் சிட்டியில், நம் பியர்லாந்து மீனாட்சி கோயிலிலிருந்து பக்கம்தான். அங்கே அந்தப் பெயரில் லாங்ஹார்ன் அருங்காட்சியகமே திறந்தார்கள். கோயிலுக்குப் போகிற ஒரு நாளில், திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு எட்டிப்பார்த்துவிட்டு வரலாம்.

கேட்டிக்காரர்களுக்கு இன்னும் பக்கம். உங்கள் வீடுகளுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவில், பார்க்கரில்தான் எமில் மார்க்ஸின் எல்எச்7 ராஞ்ச் இருந்தது. ஹார்வி புயலில் 2017இல் உங்களில் சிலர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதே, அந்த நீர்த்தேக்கத்தின் பெயரும் அந்த ஊரின் பெயர்தான். 1952இல் பிரென்ஹாமிலிருந்து ஹூஸ்டன் ரோடியோவுக்குக் குதிரையில் கிளம்பிய முதல் நாலு பேரில் மார்க்ஸும் ஒருவர். இன்று வருஷா வருஷம் சாலையை அடைத்துக்கொண்டு போகிற ஊர்வலத்தின் ஆரம்பம் அது. மார்க்ஸ் ஊருக்கு முந்திப் பிராமன் மாடு வளர்த்தவர். ஓங்கோல், குசராத், கிர் மாடுகளைக் கலந்து அமெரிக்காவில் உண்டாக்கிய திமில் மாடு அது. வளைகுடாக் கரையின் வெக்கைக்கும் உண்ணிக்கும் அது தாக்குப்பிடித்ததால் லாங்ஹார்னுக்கு இருந்த கடைசி வேலையும் போனது. அந்த வேலையைப் பறித்த மாட்டை ஒரு வேலிக்குள் வளர்த்துப் பணம் பார்த்துக்கொண்டு, வேலை போன மாட்டை இன்னொரு வேலிக்குள் காப்பாற்றினார். இனக் காப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒன்று சோறு போடும், இன்னொன்று அந்தச் சோற்றில் பிழைக்கும்.

1964இல் வளர்ப்போர் சங்கம் வந்தது. பதிவேடு வந்தது, விலை வந்தது, மாடு தப்பித்தது. கொம்புப் பைத்தியமும் கூடவே வந்துவிட்டது. பாதை நடந்த காலத்து மாடுகளுக்கு ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நாலைந்து அடிதான் வழக்கம். இப்போது உலக சாதனை அலபாமாவில் பாஞ்சோ வியா என்ற மாட்டுடையது, 323.74 சென்டிமீட்டர், பத்தடிக்கு மேல். அங்குலத்துக்கு விலை பேசி ஏலம் விடுகிறார்கள். கொம்பை மட்டுமே பார்த்துச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு மாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மடி தொங்கும், கால் கோணும், தீவனம் கொட்டினால்தான் நிற்கும். வறட்சியும் முள்ளும் இருநூறு வருஷம் கழித்துக் கழித்துச் சேர்த்துவைத்ததை ஒரு ஐம்பது வருஷ ஏலத்தில் கரைத்துவிடலாம். இதற்குப் பயந்தே பழைய வாகு மாட்டைக் காக்க 1990இல் தனிப் பதிவேடு ஒன்று தொடங்கினார்கள். கேட்டில்மென்ஸ் டெக்சஸ் லாங்ஹார்ன் ரெஜிஸ்ட்ரி என்று பெயர். அவர்கள் மரபணுவும் பார்ப்பார்கள், ஆளை அனுப்பி மாட்டையும் பார்ப்பார்கள். வாங்குகிற மாடு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம்மூரில் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது தாய். இதன் தாய்க்கு என்ன வயது, இன்னும் கன்று போடுகிறதா என்று கேளுங்கள். பதினைந்து வயதில் கன்று போடுகிற பசு இந்த இனத்தில் அதிசயமில்லை. வருஷம் தவறாமல் ஈனுகிறதா, குளம்பு வெட்டாமல் நிற்கிறதா, மடி சிறுத்து மேலே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கன்று ஐம்பது அறுபது பவுண்டுதான் இருக்கும், சிக்கலில்லாமல் விழும். அதனாலேயே மற்ற இனக்காரர்கள் தங்கள் தலைச்சன் கிடாரிக்கு லாங்ஹார்ன் காளையைச் சேர்ப்பார்கள். வாரம் ஒருமுறை ஊரிலிருந்து வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போகிற உங்களுக்கு இதைவிட ஏற்ற மாடு கிடையாது. ஆனால் மருந்து போட நிறுத்தும் கூண்டை யோசித்துக்கொள்ளுங்கள். சாதாரண மாட்டுக் கூண்டில் இந்தக் கொம்பு நுழையாது. அதற்கென்று செய்த கூண்டு விலை கூடுதல்.

இனி, நீங்கள் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பிறக்கிற கன்றில் பாதி ஆண். அவற்றை என்ன செய்வீர்கள்?

மாட்டுப் பொங்கலுக்குப் பிள்ளைகளை அழைத்துவந்து கொம்புக்கு மாலை போடுகிறீர்கள். நல்லது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் மாட்டுக்கறி ஏறாது. அதுவும் உங்கள் இஷ்டம். ஆனால் காளைக் கன்று சந்தைக்குப் போகும். அங்கே கொம்பும் புள்ளியும் பார்த்து மற்ற கன்றைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். பிறகு கசாப்புக்குப் போகும். இந்த ஊரில் லாங்ஹார்ன் இன்றும் இருப்பதற்கு அதைத் தின்கிறவர்களும் ஒரு காரணம். இங்கே அதை யாரும் ஒளிப்பதும் இல்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பீவோவைத் தெரியுமா? 1916இல் சின்னமாக வந்த அந்த மாட்டைத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று 1920இல் விருந்து வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், பசு வாங்கும்போதே கன்றைப் பற்றி வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். கன்று விழுந்து, பிள்ளைகள் பெயர் வைத்த பிறகு பேசினால் அழுகைதான்.

மனசு ஒப்பாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பசு வேண்டாம், காயடித்த மாடுகளாக வாங்குங்கள். கன்றும் இல்லை, காளையும் இல்லை, சந்தையும் இல்லை. இருபது வயதுவரை மேயும். கொம்பும் அவற்றுக்குத்தான் நீளமாக வளரும், காளைக்கோ பசுவுக்கோ அந்த நீளம் வராது. நீங்கள் ஆசைப்பட்ட படமும் கிடைத்துவிடும். கன்று போடாத மாட்டை விவசாயமாகக் கணக்கில் எடுப்பார்களா, ஏக்கருக்கு எத்தனை மாடு கேட்பார்கள் என்பதெல்லாம் கவுண்டிக்குக் கவுண்டி வேறு. நிலம் இருக்கிற கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதல் வருஷம் எதையும் வாங்காதீர்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவருக்கு மேய்ச்சலைக் குத்தகைக்கு விடுங்கள். பெரிய பணம் வராது. வேலியை அவரே பார்த்துக்கொள்வார், வரிக்கும் கணக்காகும். ஜூலை வெயிலில் உங்கள் குட்டையில் தண்ணீர் எதுவரை இறங்குகிறது, பிப்ரவரியில் எத்தனை உருளை வைக்கோல் போகிறது என்று அவருடைய மாட்டை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அடுத்த வருஷம் அவரிடமே ஒரு கிழட்டுப் பசு கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வயது, கொம்பு ஒரு பக்கம் முறிந்திருந்தாலும் பரவாயில்லை. விலை குறையும், வயிற்றில் கன்றும் இருக்கும்.

அன்புடன்,
பிரென்ஹாமிலிருந்து ஒரு நாமக்கல்காரன்